நகரப் பெண்களின் உடற்பருமன்: அளவுகள், விளக்கங்கள், யாழ்ப்பாணத்தின் விடுபட்ட கணக்கு

நகரங்களில் வாழும் பெண்களின் உடல் எடை தலைமுறைக்குத் தலைமுறை ஏன் கூடிவருகிறது? ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்ணும் ஆண்களைவிடப் பெண்களிடையே உடற்பருமன் ஏன் அதிகமாகக் காணப்படுகிறது? இந்தக் கேள்விகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. மரபணு என்றார்கள், உணவு என்றார்கள், உழைப்புக் குறைந்தது என்றார்கள், கருவறையில் தொடங்கியது என்றார்கள். ஒவ்வொரு பதிலும் கேள்வியின் ஒரு பகுதியை விளக்கி, மறுபகுதியில் தடுமாறுகிறது.

யாழ்ப்பாண மாநகரின் கிழக்கு விளிம்பில் கடனீரேரியை ஒட்டிக் கிடக்கும் கொழும்புத்துறை போன்ற ஊர்களில் இக்கேள்வி மேலும் சிக்கலானது. இன்று ஐம்பது வயதை எட்டியிருக்கும் இங்குள்ள ஒரு பெண், பதினைந்து வயதளவில் போர்க்காலப் பொருளாதாரத் தடையைக் கண்டவள். 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண நகர் உள்ளிட்ட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவளுக்கு இருபது வயது இருக்கும். நாற்பதுக்குள் அவள் வாசலுக்குப் பல்பொருள் அங்காடியும் தவணைக்கட்டண மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. பிற நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பரவி நடந்த மாற்றம் இங்கே ஒரே உடலில் நடந்திருக்கிறது. வேறிடங்களில் உருவான விளக்கங்களை இந்த ஊருக்குப் பொருத்தும்போது அதை மறக்கலாகாது.

அளவுகோல் பற்றிய விவாதம்

உடற்பருமனை அளக்கப் பயன்படும் உடற்திணிவுச் சுட்டி, கிலோகிராமில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படுவது. பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ப் கெத்தலே 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த விகிதத்தை வகுத்தபோது நோயை அளக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. சராசரி மனிதரின் உடலமைப்பை விவரிப்பதே அவரது நோக்கம். 1972இல் உடலியலாளர் அன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்துப் பொதுச் சுகாதாரத்துக்குள் கொண்டுவந்தார். 25ஐத் தாண்டினால் மிகை நிறை, 30ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது எல்லை.

ஆசிய உடல்களுக்கு இந்த எல்லை பொருந்துமா என்பது நீண்ட விவாதம். ஒரே சுட்டி அளவில் தெற்காசியரின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்தது. 2004இல் வெளியான உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் அறிக்கை, பொது எல்லைகளை மாற்றாமல், ஆசியருக்கு 23ஐயும் 27.5ஐயும் நடவடிக்கைக்குரிய கூடுதல் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்குக் காட்டும். 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண் ஒருத்தி ஏறத்தாழ 52 கிலோவிலேயே 23ஐத் தொடுகிறாள். 56 கிலோவைச் சற்றுத் தாண்டினால் 25. 30ஐ எட்ட அவள் 67.5 கிலோ இருக்க வேண்டும். 54 கிலோ எடையுள்ள ஒரே பெண் ஓர் ஆய்வில் இயல்பு நிறையினளாகவும் மற்றோர் ஆய்வில் மிகை நிறையினளாகவும் பதிவாவாள். ஆய்வுகளின் சதவீதங்களை அருகருகே வைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது எந்த எல்லை பயன்பட்டது என்பதைத்தான்.

இடுப்புச் சுற்றளவு இன்னொரு அளவுகோல். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. நோர்வேத் தலைநகர் ஒஸ்லோவில் குடியேறியோரிடையே 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு யாழ்ப்பாணத்தாருக்கு நெருக்கமானது. அங்குள்ள இலங்கையரிற் பெரும்பாலானோர் தமிழர். துருக்கிப் பெண்களிடையே உடற்பருமன் மிக அதிகமாக இருந்தது. இலங்கையரிடையே அப்படி இல்லை. ஆனால் ஒரே உடற்திணிவுச் சுட்டியில் வைத்து ஒப்பிட்டபோது, இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்குமான விகிதம் இலங்கையரிடமும் பாகிஸ்தானியரிடமுமே மிகுந்து காணப்பட்டது. தராசு மெச்சும் உடலிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் தங்கியிருக்கலாம் என்பதே இதன் பொருள். சலரோகத்துக்கும் இதயநோய்க்கும் கூடுதல் நெருக்கமானது இந்த வயிற்றுக் கொழுப்பு. 2025 ஜனவரியில் லான்செட் ஆணைக்குழு ஒன்று, சுட்டியை மட்டும் வைத்து உடற்பருமனை நோயாக அறிவிக்கலாகாது, உறுப்புகளின் இயக்கம் பாதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கூறியது. விவாதம் இன்னும் முடியவில்லை.

எண்கள் காட்டும் திசை

தமிழ் பேசும் பெண்களைப் பற்றிய தொடர்ச்சியான தரவு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. இந்தியாவின் தேசிய குடும்பநல ஆய்வின்படி அம்மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் சுட்டி 25 அல்லது அதற்கு மேல் இருந்தோர் 2005-06இல் 20.9 சதவீதம், 2015-16இல் 30.9, 2019-21இல் 40.4. இதே காலத்தில் மெலிந்த பெண்களின் பங்கு 28.4இலிருந்து 14.6ஆகி, பின்னர் 12.6ஆகக் குறைந்தது. இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதற் பத்தாண்டில் மெலிவு வேகமாகக் குறைந்தது, அது நல்ல செய்தி. அதற்குப் பின் மெலிவு குறைவது மந்தமாக, மிகை நிறை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001இல் தொடங்கிய சென்னை நகர-கிராம நோய்ப்பரவல் ஆய்வு, ஆசிய எல்லைகளின்படி, வயிற்றுப் பருமன் பெண்களில் 56.2 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 35.1 சதவீதத்தினரிடமும் இருப்பதாகக் கண்டது. பொதுப் பருமனில் ஆண்-பெண் இடைவெளி சிறியது, வயிற்றில்தான் பெரியது.

இலங்கையில் 2000களின் முதற்பாதியில் நான்கு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்றில் சுட்டி 25ஐத் தாண்டியோர் பெண்களில் 36.5, ஆண்களில் 20.3 சதவீதம். 2015இல் உலக சுகாதார நிறுவன முறைப்படி நாடு முழுவதும் நடந்த தொற்றா நோய்க் காரணி ஆய்வு, சுட்டி 30ஐத் தாண்டியோர் பெண்களில் 8.4, ஆண்களில் 3.5 சதவீதம் என்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், திருமணமான, இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் மிகை நிறை அல்லது பருமன் உடையோர். நகரப் பெண்களிடையே அதிகம். தோட்டப்புறப் பெண்களிடையே மிகக் குறைவு. வசதி கூடக் கூட விகிதமும் கூடியது.

இந்த இலங்கைத் தொடரில் யாழ்ப்பாணம் மிகப் பிந்தியே சேர்கிறது. 2016க்கு முந்திய குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகளில் வட மாகாணம் இல்லை. 2005-06இல் நடந்த இலங்கை நீரிழிவு, இதயநோய் ஆய்வு, நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஏழு மாகாணங்களை மட்டுமே உள்ளடக்கியது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும். காரணம் போர். விளைவு, இன்றைய யாழ்ப்பாணப் பெண்ணின் எடையை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்கப்புள்ளி கிடையாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் வளர்சிதைமாற்றக் குறைபாடுகளையும் உள்ளூர் உணவுகளின் சர்க்கரை உயர்த்தும் தன்மையையும் ஆராய்ந்து இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பியுள்ளனர். ஆனால் குறித்த ஒரு காலத்தில் எடுத்த அளவீடு எதுவும் கடந்துபோன இருபது ஆண்டுகளை மீட்டுத் தராது.

வசதியும் உணவும்

மிகப் பரவலான விளக்கம் வசதி வந்ததால் எடை வந்தது என்பது. இதற்கு முறையான வடிவம் கொடுத்தவர் போசாக்கு ஆய்வாளர் பாரி பொப்கின். தானியமும் கிழங்குமாக இருந்த உணவில் எண்ணெயும் சீனியும் விலங்குணவும் ஏறுவதை 1990களில் அவர் 'போசாக்கு நிலைமாற்றம்' என்று பெயரிட்டார். சோபல், ஸ்ரன்கார்ட் ஆகிய இருவரும் 1989இல் 144 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏழை நாடுகளில் வசதியான பெண்களும் செல்வந்த நாடுகளில் வறிய பெண்களும் பருமனாக இருப்பதைக் கண்டனர். 2004இல் மொன்ரேய்ரோவும் சகாக்களும் ஒருபடி மேலே சென்று, தலா தேசிய வருமானம் ஏறத்தாழ 2,500 அமெரிக்க டொலரை எட்டும் கட்டத்தில் பெண்களின் பருமன் வசதியானோரிடமிருந்து வறியோரிடம் இடம்மாறத் தொடங்குகிறது என்றனர். இலங்கை அந்தத் தொகையைத் தாண்டிப் பல ஆண்டுகளாகியும் 2016இன் கணக்கில் வசதியானோரே பருமனாக இருந்தனர். எனவே அந்த எல்லையை விதியாகக் கொள்ள முடியாது. ஒரு போக்காகக் கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தின் தட்டில் மாற்றத்தை எளிதாகக் காணலாம். அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மாவிற் பிட்டும் இடியப்பமும் அவித்த வீடுகளில் கோதுமை மா கலந்தது. பின்பு பல வீடுகளில் அதுவே முழு மாவாயிற்று. ஒடியல் மாவும் குரக்கனும் விசேட நாளின் பண்டமாயின. மாலைத் தேநீருடன் ரோல்ஸும் வடையும், இரவுக்குக் கொத்துரொட்டியும், தாகத்துக்குச் சோடாவும் வழக்கமாகிவிட்டன. கெவின் ஹோலின் குழுவினர் 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவைக் கட்டுப்பாடின்றி உண்ண விட்டபோது இருபது பேரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். ஆனால் அது இருபது அமெரிக்கரிடம் சில வாரங்கள் மட்டும் நடந்தது. சோறே பிரதான உணவாக நீடிக்கும் ஊருக்கு அதை அப்படியே மாற்றிவைப்பது அவசரமாகும். இந்த விளக்கத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. உணவு மாறியது ஆணுக்கும் பெண்ணுக்கும்தான். பருமன் ஏன் பெண்ணிடம் கூடுதலாகத் தங்கியது என்பதை அது சொல்வதில்லை.

உழைப்புக் குறைந்ததா?

இரண்டாவது விளக்கம், உடலுழைப்பு போனது என்பது. உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும், கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்த தண்ணீரும் பெண்ணின் நாளை நிரப்பியிருந்தன. மில், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், காஸ் அடுப்பு ஆகியவை ஒவ்வொன்றாக அந்த உழைப்பை எடுத்துக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் இக்கதைக்கு ஒரு விசித்திரத் திருப்பம் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் குடாநாட்டுக்குள் வர முடியாதிருந்தது. சைக்கிள் எல்லோருடைய வாகனமுமாயிற்று. பாடசாலை மாணவி முதல் ஆசிரியை, தாதி, சந்தைக்குப் போகும் குடும்பப் பெண் வரை மைல்கணக்கில் மிதித்தனர். தரைவழிப் பாதை திறந்து, 2009இல் போர் முடிந்தபின் கடனும் தவணைக்கட்டணமும் தாராளமானபோது அந்த இடத்தில் ஸ்கூட்டி வந்தது. உலகில் வேறெங்கும் மெதுவாக நடந்த இயந்திரமயம் இங்கே முதலில் பின்னோக்கிப் போய், பிறகு ஒரேயடியாக முன்னோக்கிப் பாய்ந்தது.

கோட்பாட்டளவில் இவ்விளக்கம் வலுவானது போலத் தோன்றினாலும் இரண்டு எதிர்ப்புகள் உள்ளன. 1965 தொடக்கம் 2010 வரை அமெரிக்கப் பெண்களின் வீட்டு வேலை நேரம் ஏறத்தாழப் பாதியானதே எடை கூடியதற்குக் காரணம் என்று 2013இல் ஆர்ச்சர் குழுவினர் எழுதினர். அந்த ஆய்வுக்குக் கொக்கா கோலா நிறுவனம் நிதி வழங்கியிருந்தது. பழியை உணவிலிருந்து உழைப்பின்மைக்கு மாற்றும் நலன் குளிர்பானத் தொழிலுக்கு உண்டு என்ற கண்டனம் நியாயமானது. மற்ற எதிர்ப்பு மானிடவியலாளர் ஹேர்மன் பொன்ற்சருடையது. தன்சானியாவின் ஹட்சா வேட்டுவர், உடலளவைக் கணக்கிற்கொண்டு பார்த்தால், மேலைநாட்டு நகரவாசிகள் செலவிடும் அளவு கலோரியையே நாளில் செலவிடுகின்றனர் என்று 2012இல் அவர் காட்டினார். அவருடைய கருத்தை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. ஆயினும் ஆட்டுக்கல்லை மீட்டால் எடை குறையும் என்ற எளிய நம்பிக்கைக்கு அது தடை போடுகிறது. அந்த ஆட்டுக்கல்லில் தேய்ந்தது ஒருத்தியின் தோளும் முதுகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த உழைப்பைப் பொற்காலமாகப் பாடுவது பெண்களுக்குச் செய்யும் நியாயமல்ல.

கருவிலே தொடங்கியதா?

1962இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல், பஞ்சங்களைத் தாங்கக் கொழுப்பைச் சேமிக்கும் மரபணுக்கள் மனித குலத்தில் தேர்வாகி நின்றன, மிகுதியான உணவுக் காலத்தில் அவையே கேடாகின்றன என்றார். அப்படிப்பட்ட மரபணுக்களைத் திட்டமாக அடையாளம் காட்ட முடியாமையும், பஞ்சம் தேர்வு செய்யும் அளவு வலிமையானதல்ல என்று ஜோன் ஸ்பீக்மன் எழுப்பிய எதிர்வாதமும் அக்கருத்தைத் தளர்த்தின. அதன் இடத்தை எடுத்தது டேவிட் பாக்கரின் கருத்து: கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் போசாக்குக் குறைந்தால் உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது. புனேயில் யாஜ்னிக் குழுவினர், எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளிடம் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பீட்டளவில் குறையாமலும் இருப்பதைக் காட்டினர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது ஒல்லாந்தில் கருவின் முதல் மாதங்களில் இருந்தோரில், ஐம்பது வயதளவில் பருமன் கூடியிருந்தது பெண்களிடம், ஆண்களிடம் அல்ல. தென்னாபிரிக்காவில் கேஸ், மெனெண்டெஸ் இருவரும் 2009இல் கண்டதும் இதுவே: சிறுவயதில் பசித்திருந்த பெண்கள் பெரியவர்களானபோது பருமனடையும் வாய்ப்புக் கூடியது, ஆண்களில் அத்தொடர்பு இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது கனமான செய்தி. 1990களில் தட்டுப்பாட்டின் கீழ் கருவுற்ற, இடப்பெயர்வில் பிறந்த பெண்பிள்ளைகள் இப்போது முப்பது வயதை எட்டுகின்றனர். ஒல்லாந்துக் கருத்து இங்கும் பொருந்துமானால் எடை கூடுவதன் உச்சம் இன்னும் வரவில்லை என்று அஞ்ச இடமுண்டு. ஆனால் ஒல்லாந்தில் பசி சில மாதங்கள், பிறகு நிறைவு. இங்கே குறைபாடு பல ஆண்டுகள் இழுபட்டது, நிவாரணமும் திரிபோசாச் சத்துமாவும் குறுக்கே வந்தன. ஒப்புமை வழிகாட்டலாம்; சான்றாகாது.

பேறும் நடுவயதும்

பெண்ணுடலுக்கே உரிய காரணங்கள் ஒரு தனி வரிசை. பேறுகாலத்தில் ஏறிய எடை முழுதும் இறங்காமல் அடுத்த பேற்றுக்கு அடித்தளமாகிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு இடுப்பை நோக்கி நகர்கிறது. கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களில் 6.3 சதவீதத்தினருக்குச் சூலகப் பன்னீர்க்கட்டிக் குறைபாடு இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பருமனும் இக்குறைபாடும் ஒன்றையொன்று வளர்ப்பவை. யாழ்ப்பாண வழக்கில் சாமத்தியப்பட்ட பெண்ணுக்கும் பிள்ளைபெற்ற தாய்க்கும் உழுத்தம்மாக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுவது உண்டு. உடல் தேறட்டும் என்ற பரிவில் பிறந்த வழக்கம் அது. இரத்தச்சோகையும் மெலிவும் பரவலாக இருந்த காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. அதைக் குற்றவாளியாக்கப் போதிய சான்று கிடையாது. பேறும் மாதவிடாய் நிறுத்தமும் எல்லாக் காலத்துப் பெண்களுக்கும் உரியவை; பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவந்த காலத்தில்தான் எடை கூடியது. ஆகவே இந்தக் காரணங்கள் யார் பருமனாவார் என்பதைச் சொல்ல உதவும், காலப்போக்கை விளக்கமாட்டா.

நேரமும் இடமும்

மிகக் குறைவாக ஆராயப்பட்டது, பெண்ணுக்கு வாய்க்கும் நேரத்தையும் இடத்தையும் பற்றிய இந்தக் கடைசி விளக்கமே. வெல்ஸும் சகாக்களும் 2012இல் நாடுகளை ஒப்பிட்டு, பால்நிலைச் சமத்துவமின்மை மிகுந்த நாடுகளில் பெண்களின் பருமன் ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கும் போக்கைக் கண்டனர். நாடுகளை ஒப்பிடும் ஆய்வு காரணத்தை நிறுவாது. ஆனால் கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் வரிசையில் ஒரு குடும்பப் பெண்ணின் நாளைப் பார்த்தால் அந்தப் போக்கு எப்படி இயங்கக்கூடும் என்பது விளங்கும். விடியமுன் எழும்பி, பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போவோருக்கும் சமைத்து, மிஞ்சியதைப் பதினொரு மணிக்குத் தான் சாப்பிட்டு, மதியத்துக்கு மீண்டும் அடுப்படி, பின்னேரம் ரியூசனுக்குப் பிள்ளையை ஏற்றி இறக்கல், இரவு எல்லோரும் உண்டபின் சட்டியில் கிடப்பதை வீணாக்காமல் உண்ணல். வேலை ஓயாதது, ஆனால் மூச்சு வாங்கும் வேலை அதிற் குறைவு. தனக்கென்று ஒரு மணிநேரம் ஒதுக்குவது சுயநலமாகப் பார்க்கப்படுகிறது.

இடமும் அப்படியே. பழைய பூங்கா, ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதை, 2016இல் புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு ஆகியவை நகரின் நடுவில் உள்ளன. விளிம்பு ஊர்களில் நடைபாதை குறைவு. தெருநாய்களும் மங்கலான விளக்குகளும் ஊர்ப்பேச்சும் ஒரு பெண் மாலையில் தனியாக நடப்பதை அரிதாக்குகின்றன. விளையாட்டுக்குப் பந்து கிடைப்பது தம்பிக்கு. பதின்மூன்று வயதோடு அக்காவின் ஓட்டம் நின்றுவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில் உடலுழைப்புப் போதாதோர் ஆண்களைவிடப் பெண்களிடையே கூடுதலாக இருந்ததை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இந்த விளக்கத்தின் பலவீனம், நேரத்தையும் இடத்தையும் கலோரியைப் போல அளப்பது கடினம் என்பது. அளவிடக் கடினமானது என்பதால் அது சிறியதாகிவிடாது.

தடுப்பு முயற்சிகள்

இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளும், 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கின்றன. வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு வருவோரிற் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் அக்கறையற்றோர் என்ற பேச்சுக்கு இது நேர் மறுப்பு. 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமாயிற்று; 2017 நவம்பரில் சீனியின் அளவுக்கேற்ற வரி வந்தது. இவை சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் வீட்டில் ஒரு நாளில் ஆறுமுறை குடிக்கும் தேநீரின் சீனியை வரி எட்டாது. இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு மற்றும் நடைப்பயிற்சி ஆலோசனை பெற்றோரிடையே சலரோகம் வருவது 28.5 சதவீதத்தால் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே அந்தப் பயன் கிடைத்தது. எடையைக் குறைக்க முடியாத பெண்ணை, முயன்றும் தோற்றவள் என்று கிளினிக்கிலிருந்து மனம் சோர அனுப்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

திறந்திருக்கும் கேள்விகள்

மதிப்பிட்டுச் சொன்னால், எடை கூடும் போக்கை உணவு மாற்றமும் உழைப்பு மாற்றமும் சேர்ந்து விளக்குகின்றன. பெண்ணிடம் அது கூடுதலாகத் தங்குவதை இளமைக்காலக் குறைபாடும் நேர, இட நெருக்கடியும் விளக்கக்கூடும். இந்தப் பிற்பாதி இன்னும் உறுதிப்படவில்லை. பருமன் வசதியானோரிடமிருந்து வறியோரிடம் இடம்மாறத் தொடங்கிவிட்டதா என்பதும் திறந்த கேள்வி. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவு விலைவாசி ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. மீனும் முட்டையும் பருப்பும் கைக்கெட்டாமற் போன வீடுகளில் வயிற்றை நிரப்பியது சோறும் மாவும்தான். அந்த நெருக்கடி எடையைக் குறைத்ததா, தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியதா என்பதை இடுப்பளவு இல்லாமல் அறிய இயலாது.

இதற்குப் புதிதாகப் பெரிய ஆய்வைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கையில் கருவுற்ற பெண் முதன்முறை கிளினிக்குக்கு வரும்போது அவளது உயரத்தையும் எடையையும் குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டில் எழுதுகிறார். பன்னிரண்டாம் வாரத்துக்குள் எடுத்த அந்த அளவு பெரும்பாலும் அவளது இயல்பான எடையே. யாழ்ப்பாணத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் தம்மிடமுள்ள பழைய பதிவுகளை, பெயர்களை நீக்கி, ஆண்டுவாரியாகத் தொகுக்க வேண்டும். இனிவரும் பதிவுகளில் பிள்ளை பிறந்து ஓராண்டின் பின் இடுப்பளவையும் சேர்க்க வேண்டும். மருத்துவ பீடமும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும்.